வெட்டியது திருடன், பொறுப்பு யாருக்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 52 வயது. சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஓர் எலெக்ட்ரிகல் சாமான் குடோனில் ஆறு வருடமாக நைட் வாட்ச்மேன். செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் சேர்ந்த வேலை. சம்பளம் 14,000 ரூபாய். மாதாமாதம் எதற்கோ 105 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். 2025 செப்டம்பரில் ஒருநாள் இரவு 2 மணிக்கு மேல் காப்பர் வயர் திருட வந்தவர்களைத் தடுத்தபோது அரிவாளால் வெட்டிவிட்டார்கள். தலையில் தையல். வலது கையில் நரம்பு அறுந்து மூன்று விரல்களை மடக்க முடியவில்லை. 40 சதவீதம் ஊனம் வரும் என்கிறார் டாக்டர். ஏஜென்சிக்காரர், ‘வெட்டினது நாங்களா? இது போலீஸ் கேஸும்மா, திருடன் மாட்டினா கோர்ட்ல பார்த்துக்கோங்க’ என்கிறார். குடோன் முதலாளியோ, ‘அவர் எங்க ஸ்டாஃபே இல்லை’ என்கிறார். இப்போது 25,000 ரூபாய் தருகிறோம், இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொடு என்று நெருக்குகிறார்கள். திருடு போன வயருக்கான பணத்தை நிலுவைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்கள். ஊரில் எங்களுக்கு ஒரு வரப்புத் தகராறு உண்டு. அதைச் சொல்லி ‘இது முன்விரோதம்’ என்றும் பேச்சு. அப்பா கேட்டுக்கு வெளியே வந்ததும் தப்பாம். திருடர்கள் இன்னும் பிடிபடவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்?
ஒரு மகள், சேலம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி, அந்த முத்திரைத்தாளில் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பதற வேண்டாம். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று எல்லோரும் சொல்கிற 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் (2010-லிருந்து பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர்) 17-ஆவது பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்துத் தொழிலாளி எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. இரு தரப்பும் மனமொத்துப் பேசித் தீர்ப்பதானாலும் அதை இழப்பீட்டு ஆணையரிடம் (தொழிலாளர் துணை ஆணையர்தான் அவர்) பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். இவ்வளவு அவசரமாகப் பத்திரத்தை நீட்டுகிறார்கள் என்றால், பொறுப்பு தங்கள் தலையில் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

‘வெட்டினது நாங்களா?’ என்ற கேள்வி ஏஜென்சிக்காரரின் சொந்தச் சரக்கு அல்ல. நூறு வருடத்துக்கு மேலாக முதலாளிகள் கேட்டுவரும் கேள்வி அது. பதிலும் அன்றைக்கே வந்துவிட்டது. 1910 மார்ச்சில் இங்கிலாந்தின் நியூகாசிலில் நிஸ்பெட் என்ற நிலக்கரிக் கம்பெனிக் காசாளர், சுரங்கத் தொழிலாளர்களின் கூலிப் பணம் 370 பவுண்டைத் தோல் பையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஓடும் ரயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், பணப்பை பறிபோனது. மனைவி இழப்பீடு கேட்டார். ‘வேண்டுமென்றே செய்த கொலை எப்படி விபத்தாகும்?’ என்றது கம்பெனி. சுட்டவனுக்கு அது திட்டமிட்ட செயல்தான், ஆனால் சுடப்பட்டவரின் பக்கமிருந்து பார்த்தால் எதிர்பாராமல் வந்து விழுந்த விபத்து என்றது அப்பீல் நீதிமன்றம். பெரும் பணத்தோடு தனியே பயணம் போவது அவருடைய வேலை. அந்த வேலைக்கே உரிய ஆபத்துதான் அவரைக் கொன்றது. நான்கு வருடம் கழித்து அயர்லாந்தின் ட்ரிம் ஊரில் மாணவர்களே சேர்ந்து தாக்கிக் கொன்ற ஓர் ஆசிரியரின் வழக்கிலும், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பெரும்பான்மைத் தீர்ப்பாக இதையே சொன்னது.

நம் நாட்டுக்கு வருவோம். 1995-இல் நாகாலாந்தின் திமாப்பூரில் ஆட்டோவை வாடகைக்கு அமர்த்திய பயணிகள், டிரைவரைக் கொன்றுவிட்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி, ‘இது கொலை, விபத்து அல்ல’ என்றது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ரீட்டா தேவி வழக்கு என்று நாங்கள் அன்றாடம் எடுத்துக்காட்டும் அந்த வழக்கில், 2000 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அந்த ஆளைக் கொல்வதே நோக்கமாக இருந்தால் அது வெறும் கொலை. நோக்கம் வேறொன்றாக இருந்து, அதைச் சாதிக்கும் வழியில் கொலை நேர்ந்தால் அது விபத்து. அங்கே வந்தவர்களுக்கு வேண்டியது ஆட்டோ. டிரைவர் குறுக்கே இருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்றாலும், விபத்து என்பதற்கான பொருளைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தும் அந்தப் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளிலிருந்தும்தான் நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் வந்தவர்களுக்கு வேண்டியது காப்பர் வயர். ஆகவே வெட்டியவன் யார் என்பது போலீஸ் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். இழப்பீட்டு வழக்கில் கேட்கப்படும் கேள்வி வேறு: ராத்திரி 2 மணிக்கு உங்கள் அப்பா ஏன் அந்த இடத்தில் நின்றார்? வாட்ச்மேன் வேலை பார்த்ததால் நின்றார். திருடன் பிடிபட வேண்டும், தண்டனை ஆக வேண்டும் என்றெல்லாம் காத்திருக்கத் தேவையே இல்லை. குற்ற வழக்கு அதன் பாட்டுக்குப் பத்து வருடம் நடக்கட்டும். முதலாளி மீது தவறு இருந்ததாக நிரூபிக்கும் சுமையும் உங்களுக்கு இல்லை. லைட் எரிந்ததா, கேட் பலமாக இருந்ததா, துணைக்கு இன்னொரு ஆள் போட்டார்களா என்பதெல்லாம் இந்தச் சட்டத்துக்கு வேண்டாத கேள்விகள். வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த காயம் என்றால் போதும்.

அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல ஆயுதம் அந்த ‘முன்விரோதம்’தான். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தப் பகையால் ஒருவர் வேலையிடத்தில் தாக்கப்பட்டால் முதலாளிக்குப் பொறுப்பு வராது என்பது உண்மை. வரப்புக்காரர் தேடிவந்து வெட்டியிருந்தால் அது குடோனிலும் நடந்திருக்கலாம், டீக்கடையிலும் நடந்திருக்கலாம். ஆனால் பகை இருந்தது என்று சொன்னால் போதாது, அந்தப் பகைதான் வெட்டியது என்று காட்ட வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. ரயில்வே ஊழியர் ஒருவர் நள்ளிரவு டியூட்டிக்காகத் தன் குவார்ட்டர்ஸை விட்டு இறங்கியதும் யாரோ கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். யார், எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. தலைமை நீதிபதி சாக்ளா இழப்பீடு உண்டு என்றார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவரை நிற்க வைத்தது வேலை. ஆபத்தை அவரே வலிய வரவழைத்துக்கொண்டார் என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்பா கேட்டுக்கு வெளியே வந்தார் என்ற வாதத்துக்கும் இதுவே பதில். அந்த ஊழியர் டியூட்டி இடத்தைத் தொடவே இல்லை. சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்க்காத வாட்ச்மேனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

இங்கே ஒரு காகிதத்தை நீங்கள் உடனே கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஜி.எச்.சுக்கு ஆளைக் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர், எந்த ஆயுதத்தால், அடித்தவர்கள் தெரிந்த நபர்களா தெரியாத நபர்களா என்று அதில் இருக்கும். அப்பா மயக்கத்தில் இருந்திருந்தால், கூட வந்தவர் பதற்றத்தில் சொன்னதுதான் பதிவாகியிருக்கும். ‘தெரிந்த நபர்கள்’ என்று அதில் விழுந்துவிட்டால் எதிர்தரப்பு வக்கீல் முதல் வேலையாக அதைக் கையில் எடுப்பார். ‘சாராய வாடை’ என்று ஒரு வரி இருந்தாலும் அப்படியே. தப்பாக இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் போய் நிற்காதீர்கள். அடித்தல் திருத்தல் இன்னும் கெடுதல். ஆம்புலன்ஸில் கூட வந்தவர் யார், அவர் சம்பவத்தை நேரில் பார்த்தவரா என்பதைக் குறித்து வையுங்கள். நேரில் பார்க்காதவர் சொன்ன வாசகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது போலீஸ். உங்களிடம் இருப்பது எஃப்.ஐ.ஆர். நகலா, அல்லது புகாரை வாங்கிக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதா? நம் ஊரில் பலர் ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். அரிவாள் வெட்டு நடந்த சம்பவத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனில் போட மறுத்தால் எஸ்.பி.க்கோ, மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கோ தபாலில் எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். கிடைத்ததும் அதில் இரண்டு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: அப்பா டியூட்டியில் இருந்தார் என்பது, வந்தவர்கள் திருட வந்தார்கள் என்பது. குடோன்காரரே காப்பர் வயர் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்திருந்தால் உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வயருக்குப் பணம் பிடிப்போம் என்று அவர்கள் மிரட்டியதும் ஒருவகையில் நல்லதுதான். திருட்டு நடந்தது என்று தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டவர்கள் நாளைக்கு முன்விரோதம் என்று எப்படிப் பேசுவார்கள்? அது வாட்ஸாப்பில் வந்த செய்தி என்றால் அழிக்காமல் வைத்திருங்கள். அந்தப் பிடித்தமும் செல்லாது. பணமோ பொருளோ தொலைந்ததற்கு ஊழியரின் அலட்சியம்தான் நேரடிக் காரணம் என்றால் மட்டுமே, அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகே, சம்பளத்தில் கைவைக்க முடியும். தடுக்கப் போய் வெட்டுப்பட்டவரின் அலட்சியம் எதுவென்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனிதான் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட முக்கியமான இடம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற அந்த 105 ரூபாய்.

14,000 ரூபாய்க்கு 0.75 சதவீதம் போட்டுப் பாருங்கள். சரியாக 105 வரும். 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குத் தொழிலாளி செலுத்தும் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஆக ஆறு வருடமாக உங்கள் அப்பாவிடம் இ.எஸ்.ஐ. பணம் பிடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். கார்டு கொடுத்தார்களா, நம்பர் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் எதற்கோ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு சேலத்தில் இருக்கிற இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அலுவலகத்துக்குப் போங்கள். ஆதார் எண்ணை வைத்து அப்பா பெயரில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், வழியே இங்கேதான் பிரிகிறது. இ.எஸ்.ஐ.யில் வரும் தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆவது பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. உச்ச நீதிமன்றமும் பலமுறை அதை உறுதி செய்திருக்கிறது. இது தெரியாமல் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட்டு, இரண்டு மூன்று வருடம் அலைந்தபின், ‘நீங்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறவர்’ என்ற ஒற்றை வரியில் மனு தள்ளுபடியாகி வருகிற குடும்பங்கள் உண்டு. சில முதலாளிகள் வேண்டுமென்றே கடைசிவரை வாய் திறக்காமல் இருந்து இதைச் செய்வார்கள்.

ஏஜென்சி உங்கள் அப்பாவிடம் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்றால்? அப்போதும் அப்பாவின் உரிமை போகாது. பங்குத்தொகை கட்டப்பட்டதா என்பதல்ல, கட்ட வேண்டியிருந்ததா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன பரகத் எஞ்சினியரிங் வழக்கில், பதிவு வேலைகள் முடியும் முன்பே இறந்துபோன தொழிலாளியும் காப்பீடு பெற்றவரே என்று தீர்ப்பானது. கார்ப்பரேஷன் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, கட்டாமல் விட்ட முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்பதையும் ஏஜென்சிக்காரருக்கு ஞாபகப்படுத்தலாம். குடோன் முதலாளியும் ‘எங்க ஸ்டாஃபே இல்லை’ என்று நழுவ முடியாது. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியே முதலில் பங்கைக் கட்ட வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது இ.எஸ்.ஐ. சட்டத்தின் ஏற்பாடு.

இ.எஸ்.ஐ. என்றதும் முகம் சுளிக்காதீர்கள். பணிக்காயம் என்று ஏற்கப்பட்டால், அப்பா வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. கை நிரந்தரமாகப் பாதித்திருந்தால் மருத்துவக் குழு சதவீதம் போடும். அது 40 என்றே வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய், அவர் இருக்கும் வரை. வேலையின்போது நடந்த விபத்தென்றால் அது வேலையின் காரணமாகவே நடந்தது என்று அனுமானிக்க வேண்டும், மாறாகச் சொல்பவர் சாட்சியம் காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. வரப்புத் தகராறுப் பேச்சுக்கு அங்கே இன்னும் இடம் குறைவு. விபத்து அறிக்கையை முதலாளி அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் நீங்களே சம்பவத்தை விவரித்து ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள்.

விசாரித்ததில் அப்பா இ.எஸ்.ஐ. வரம்புக்குள்ளேயே வரவில்லை என்று தெரிந்தால் (பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும் சின்ன ஏஜென்சி என்றால் அப்படி ஆகலாம்; அப்படியானால் அந்த 105 எங்கே போனது என்பது வேறு கதை) 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முழுசாகத் திறக்கிறது. வாட்ச்மேன் வேலை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கிறது. 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று யாராவது குழப்பினால் கவலைப்படாதீர்கள். சம்பவம் அதற்கு முந்தியது. விபத்து நடந்த நாளில் இருந்த சட்டம்தான் உங்களுக்கு. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் முதலாளியின் பொறுப்பு இதே வாசகத்தில்தான் இருக்கிறது.

கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் 8,400. அதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 52 வயதுக்கு 146.20. ஆக முழு ஊனத்துக்கு 12,28,080 ரூபாய். 40 சதவீதம் என்றால் 4,91,232. (சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தாலும் 15,000 என்றே கணக்கிடுவார்கள்.) வைத்தியச் செலவுக்கான பில்களைக் காட்டி அந்தத் தொகையையும் தனியாகக் கேட்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர்கள் ஏதாவது கொடுத்திருந்தால் அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. உங்கள் கணக்கில் அது வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 ரூபாய். நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் ஐம்பது சதவீதம் வரை அபராதமும் உண்டு. அபராதம் பொதுவாக இன்ஷூரன்ஸ் தலையில் விழாது, முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பேச்சுவார்த்தையில் இதைச் சொன்ன மாத்திரத்தில் பலருடைய குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த 25,000-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள்.

அந்த 40 சதவீதத்தையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்னது உடலின் ஊனம். சட்டம் கேட்பது உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பது. இரண்டும் ஒன்றல்ல. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தச்சு வேலை பார்த்த ஒருவருக்கு முழங்கைக்கு மேலே இடது கை போனது. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே நூறு சதவீத இழப்பு என்றது உச்ச நீதிமன்றம், 1975-இல். உங்கள் அப்பாவுக்குப் பாதிப்பு வலது கையில். தடியைப் பிடிக்க முடியாத, ஷட்டர் பூட்டை இழுத்துப் பூட்ட முடியாத, ரிஜிஸ்டரில் வண்டி நம்பர் எழுத முடியாத ஆளை 52 வயதில் எந்த ஏஜென்சி நைட் டியூட்டிக்கு எடுக்கும்? டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டு இதைத்தான் கேட்க வேண்டும். நூறு கிடைக்கும் என்று நான் உறுதி தரவில்லை. நாற்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை என்கிறேன்.

மனுவில் ஏஜென்சி, குடோன் இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். முதலாளி தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்ட்ராக்டில் விட்டால், அந்தத் தொழிலாளிக்கு முதலாளியே இழப்பீடு தந்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. ‘எங்கள் தொழில் எலெக்ட்ரிகல் சாமான் விற்பது, காவல் காப்பது அல்ல’ என்று குடோன் தரப்பு வாதாடும். சரக்கைப் பாதுகாப்பாக வைத்திருப்பதுதான் குடோனின் தொழிலே என்று பதில் சொல்லலாம். இதில் இரு பக்கமும் பேச இடமிருக்கிறது என்பதால்தான் இருவரையும் சேர்க்கச் சொல்கிறேன். ஏஜென்சிக்குத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இன்படி லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லைசென்ஸ் இல்லை என்றால் உங்கள் அப்பாவின் உரிமை குறையாது, அவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

தூங்கினார், குடித்திருந்தார் என்று ஆரம்பிப்பார்கள். தூக்கம் இந்தச் சட்டத்தில் ஒரு தடையே அல்ல. குடி தடைதான், ஆனால் குடித்திருந்தார் என்றால் போதாது, அந்தப் போதையே காயத்துக்கு நேரடிக் காரணம் என்று காட்ட வேண்டும். நாலு பேர் அரிவாளோடு வந்தால் நிதானத்தில் இருப்பவரும் வெட்டுப்படுவார்.

‘லைட்டு எரியல, கேமரா ஓடல, எத்தனையோ தடவை அப்பா சொன்னார்’ என்று அலட்சியத்துக்காகச் சிவில் கோர்ட்டில் பெரிய தொகை கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும். சிவில் வழக்குப் போட்டால் 1923 சட்டத்தின் வழி அடைபடும், இங்கே போட்டால் அங்கே அடைபடும். அலட்சியத்தை நிரூபிப்பது, நீதிமன்றக் கட்டணம், அப்பீலுக்கு மேல் அப்பீல் என்று பார்த்தால், உங்கள் நிலையில் இருக்கிற குடும்பத்துக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் போக, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே தரும் இழப்பீடு ஒன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆவது பிரிவில் வருகிறது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தொகை பெரிதாக இருக்காது, ஆனால் கைமாற்று வாங்கிச் சமாளிக்கிற நேரத்தில் உதவும்.

கால வரம்பு: இழப்பீட்டு மனுவுக்குச் சம்பவத்திலிருந்து இரண்டு வருடம், அதாவது 2027 செப்டம்பர் வரை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். குடோனின் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து மேலே புதிது ஏறிவிடும். போலீஸ் அந்தக் கேமராப் பதிவுப் பெட்டியை எடுத்துப்போனார்களா என்று விசாரணை அதிகாரியிடம் இந்த வாரமே கேளுங்கள். அப்பாவின் சீருடைப் படம், டியூட்டி குரூப்பில் வந்த செய்திகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, வயதுக்கான சான்று ஆகியவற்றை ஒரு ஃபைலில் சேருங்கள். வயதுச் சான்று அவசியம். ஒரு வயது கூடினாலும் பெருக்கும் எண் குறைந்துவிடும். முதலில் இ.எஸ்.ஐ. அலுவலகம், அங்கே ‘பதிவு இல்லை, வரம்பிலும் வரவில்லை’ என்று எழுத்தில் வாங்கினால் அடுத்தது சேலத்திலேயே இருக்கிற தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். டி.சி.எல். ஆபீஸ் என்று கேட்டால் ஆட்டோக்காரருக்கே தெரியும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே இலவசமாக அமர்த்தித் தரும். பெண் என்ற முறையில் உங்களுக்கும், தொழிலாளி என்ற முறையில் அப்பாவுக்கும் வருமானம் பார்க்காமல் அந்த உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அதுவரை ஏஜென்சியிலிருந்து யார் வந்து எந்தக் காகிதத்தை நீட்டினாலும், ‘நகல் கொடுங்க, வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்’ என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.